ஒரு ‘ம்’ போதவில்லை, டாக்டர்

சென்னையில் செல்லப்பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். எங்கள் மணி செத்து ஐந்து மாதம் ஆகிறது. கறுப்பு லேப்ரடார், ஒன்பது வயது. மே மாதம், அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த ஒரு காலை. பால் போடுகிற பையனிடம் வாலாட்டிவிட்டு உள்ளே வந்தவள், தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கால் மடங்கிச் சரிந்தாள். தூக்கி நிறுத்தினால் நிற்கவில்லை. ஆட்டோவில் அவள் தலை என் மடியில் இருந்தது. மூச்சுக்கு வாயைத் திறந்தபோது ஈறு தெரிந்தது. ரோஜா நிறத்தில் இருக்கும் ஈறு, சுண்ணாம்பு அடித்த சுவர் போல் வெளுத்திருந்தது. மேஜையில் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டாள்.

“நேத்து என்ன சாப்பிட்டா?” என்று கேட்டார் டாக்டர்.

“ராத்திரி கோழிக் குழம்புலேர்ந்து ரெண்டு எலும்பு போட்டேன்” என்றார் என் மாமனார்.

“ம்” என்றார் டாக்டர். கையுறையைக் கழற்றினார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஒரு குட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. ஒரே நாளில் எத்தனை சாவைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காருகிறீர்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. அந்த ‘ம்’முக்கு அவர் ஒரு அர்த்தமும் வைத்திருக்க மாட்டார். ஆனால் அது எங்களோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

செங்குன்றம் பக்கம் என் அண்ணன் மனையில் மணியைப் புதைத்தோம். அன்றிலிருந்து மாமா கோழி தொடவில்லை. காலையில் ஐந்தரைக்கு வழக்கம்போல் எழுந்து, சங்கிலி மாட்டியிருந்த ஆணியைப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வார். “நான்தாம்மா கொன்னுட்டேன்” என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். மற்ற நாளெல்லாம் சொல்லாமல் சுமந்தார். எனக்கு வேறு கணக்கு. கடைசி இரண்டு வாரம் அவள் அதிகம் தூங்கினாளே, மாடிப்படி ஏற யோசித்தாளே, வெயில் என்று விட்டுவிட்டேனே. அந்த வெயிலில் எந்த நாய்தான் டைல்ஸ் தரையோடு ஒட்டிக் கிடக்காது? அப்போது அது வெறும் தூக்கம். அவள் போன பிறகுதான் அது அறிகுறி ஆனது. இது புத்திக்குப் புரிகிறது, ராத்திரி இரண்டு மணிக்கு மட்டும் புரிவதில்லை. நோயில் கிடந்து போகிற உயிர் நம்மைக் கொஞ்சமாவது தயார் பண்ணிவிட்டுப் போகும். திடீரென்று போனால் மனசு அந்தக் கடைசி நாளையே திரும்பத் திரும்ப ஓட்டி, எங்கேயாவது ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் ஓயும்.

மனுஷர் செத்தால் பந்தல் போடுகிறோம், பால் ஊற்றுகிறோம், பதினாறு நாள் ஊரே வந்து உட்கார்ந்து பேசுகிறது. எங்களுக்குக் கிடைத்தது “நாய்தானே, வேற ஒண்ணு வாங்கிக்கங்க.” திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, கள்ளர் இருவரைக் கடித்த கதையையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். 7ஆம் நூற்றாண்டில் நாய்க்குப் பெயர் வெட்டிய மண் இது. இங்கே ஒரு கிழவர் தன் நாய்க்காக அழ, கழிவறைக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பூனையை வேறொரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மாமாவும் வந்தார். அங்கே இருந்த இளம் டாக்டரிடம் பேச்சுவாக்கில் மணி கதையைச் சொன்னேன். அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்: “ஈறு வெளுத்திருந்ததா? வயிறு உப்பின மாதிரி இருந்ததா?” இரண்டும் ஆமாம். பிறகு ஒரு தாளில் மண்ணீரலை வரைந்து காட்டினார். வயதான லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற நாய்களுக்கு அதில் ரத்தக்குழாய்க் கட்டி வருவதுண்டாம். வெளியே ஒன்றும் தெரியாமல் வளர்ந்து, ஒரு நாள் வெடித்து, ரத்தம் முழுக்க வயிற்றுக்குள்ளேயே கொட்டிவிடுமாம். ஸ்கேனில் தெரியலாம், சாதாரண ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் பிடிபடாது. அது புற்றுக்கட்டியாக இருந்தால், அறுவை சிகிச்சை மட்டும் செய்து கிடைப்பது பெரும்பாலும் சில மாதங்கள்தானாம்.

“அப்ப எலும்பு இல்லையா?” என்றார் மாமா. குரல் உடைந்துவிட்டது.

“பிரேதப் பரிசோதனை பண்ணாததால நான் அடிச்சுச் சொல்ல முடியாது தாத்தா. ஆனா எலும்பு குடலைக் குத்தியிருந்தா பெரும்பாலும் முன்னாடியே வாந்தி, வலி, சாப்பிடாம முடங்கறதுன்னு ஏதாவது தெரிஞ்சிருக்கும். நீங்க சொல்றது ரத்தக்கசிவு மாதிரி இருக்கு. இனிமே எந்த நாய்க்கும் வேக வெச்ச கோழி எலும்பு போடாதீங்க, அது சில்லு சில்லா உடையும். ஆனா மணி அதனால போன மாதிரி எனக்குத் தெரியல.”

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. தெரிந்தது, தெரியாதது, தப்பு எது, தப்பு இல்லாதது எது, எல்லாம் அதில் இருந்தது. மாமா அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

டாக்டர், இதைத்தான் உங்கள் எல்லோரிடமும் கேட்கிறேன். பொய் ஆறுதல் வேண்டாம். சாத்திய காரில் நாயை விட்டுவிட்டுப் போனவரிடம், விஷம் என்று தெரியாமல் காய்ச்சலுக்குப் பூனைக்குப் பாராசிட்டமால் கொடுத்தவரிடம், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தப்பு செய்தவருக்கும் எது தப்பு என்று தெரிய வேண்டும், அப்போதுதான் அடுத்த உயிராவது பிழைக்கும். தெரியவில்லை என்றால் “எனக்குத் தெரியல” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டால் அதை நாங்கள் எங்கள் குற்றத்தால் நிரப்பிக்கொள்கிறோம்.

இன்னொன்று. பிரேதப் பரிசோதனை என்று ஒன்று நாய்க்கும் உண்டு என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது, எங்கள் பெரம்பூரிலிருந்து அதிக தூரமில்லை. அன்று யாராவது அதைச் சொல்லியிருந்தால் போயிருப்போம். சென்னை வெயிலில் உடல் சீக்கிரம் கெட்டுவிடும், பிறகு கேட்டுப் பிரயோஜனமில்லை. வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த வீட்டார் முடிவு செய்துகொள்ளட்டும். அறுக்க மனசு வராதவர்களும் இருப்பார்கள், அது அவர்கள் விருப்பம். ஆனால் உயிர் போன கையோடு நீங்கள் கேட்டால்தான் உண்டு. உடம்பை ஐஸ் வைத்துக் குளிர்ச்சியாக எடுத்துப் போக வேண்டும், ஃப்ரீசரில் உறைய வைக்கக் கூடாது என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.

மாமா இப்போதும் கோழி சாப்பிடுவதில்லை. ஆனால் ஐந்தரைக்கு எழுந்தால் திரும்பப் படுப்பதில்லை. தெருமுனை டீக்கடை வரை தனியாக நடந்துவிட்டு வருகிறார்.

இப்படிக்கு,
மணி வீட்டார்,
பெரம்பூர்.