மழலையர் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே,

"பசங்க எல்லாம் இந்தப் பக்கம், பொண்ணுங்க எல்லாம் அந்தப் பக்கம்." வரிசையில் நிற்கவைக்க, குழு பிரிக்க, ஏன், தண்ணீர் குடிக்க அனுப்பவும்கூட இதையே சொல்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்.

உங்களுக்கு இது வசதி. நான்கு வயதுக் குழந்தைக்கோ இது சட்டம். உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க் 1966இல் விளக்கியது போல, 'நான் பையன்', 'நான் பொண்ணு' என்று குழந்தை இரண்டு மூன்று வயதிலேயே சொல்லிவிடும். ஆனால் முடி வளர்த்தாலும் உடை மாறினாலும் தான் மாறிவிடப்போவதில்லை என்பது பிடிபட ஆறேழு வயதாகும். நடுவில் உள்ள வருஷங்களில் உடையும் முடியும் பொம்மையும்தான் அதற்குச் சாட்சி. "அது பொண்ணுங்க பொம்மை, தொடாதே" என்று ஒரு வாண்டு இன்னொரு வாண்டின் கையிலிருந்து பிடுங்குவது திமிரால் அல்ல. தான் யார் என்பது கைநழுவிவிடுமோ என்ற பதற்றம் அது.

அப்புறம் அந்தச் சட்டம் நினைவையே திருத்த ஆரம்பிக்கிறது. கரோல் மார்ட்டினும் சார்ல்ஸ் ஹால்வர்சனும் 1983இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாறு வயதுக் குழந்தைகளுக்கு மரம் அறுக்கும் சிறுமி போன்ற படங்களைக் காட்டினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படத்தில் இருந்தது பையனா பெண்ணா என்பதையே பலர் மாற்றிச் சொன்னார்கள். ஆகவே, சுவரில் பெண் விமானியின் படம் ஒட்டியாயிற்று, கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

ஆசிரியர் பிரிப்பதாலும் இந்த எண்ணம் இறுகுகிறது. உளவியலாளர் ரெபேக்கா பிக்லர் 1995இல் ஓர் ஆய்வில் காட்டியது அதைத்தான்: ஆண், பெண் என்று பிரித்தே நான்கு வாரம் வகுப்பு நடத்தியதில், 'இது ஆண் வேலை, அது பெண் வேலை' என்ற எண்ணம் பிள்ளைகளிடம் கூடியது.

'பொம்மை வைத்து விளையாடினால் பையன் மாறிவிடுவான்' என்று பெற்றோர் பயப்படுவார்கள், தெரியும். கைக்குழந்தையிலேயே ஆணுறுப்பை இழந்த ஓர் ஆண் குழந்தையை, உளவியலாளர் ஜான் மணியின் ஆலோசனைப்படி பெண்ணாகவே வளர்த்தார்கள். பதின்வயதில் அவர் ஆணாக வாழத் திரும்பிவிட்டார். ஒரே ஒருவரின் கதைதான், சரி. ஆனாலும் வருஷக்கணக்கான வளர்ப்பே மாற்றாததை ஒரு பொம்மையா மாற்றிவிடும்?

குழு பிரிக்கப் பிறந்த மாதம் இருக்கிறது, பெயரின் முதல் எழுத்து இருக்கிறது. "அது பொண்ணுங்க பொம்மை" என்று யாராவது சொன்னால், "யார் வேண்டுமானாலும் விளையாடலாம். விளையாடினாலும் பையன் பையன்தான், பொண்ணு பொண்ணுதான்" என்று சொல்லுங்கள். இரண்டாவது வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த வயதுப் பிள்ளை காத்திருப்பது அதற்குத்தான்.

அன்புடன்,
ஒரு குழந்தையின் அம்மா