கயலின் கை, அப்புறம் உன் மகன் கேட்கும் சைக்கிள்

அன்புள்ள மல்லி,

இங்கே எல்லோரும் நலம். உன் வேலை மாற்றம் நல்லபடியாக முடிந்ததாக நம் கல்லூரி நண்பன் ஒட்டகம் சொன்னான், மகிழ்ச்சி. அதைப் பற்றி நீயே விரிவாக எழுது. நான் இப்போது எழுத உட்கார்ந்தது வேறொரு விஷயத்துக்காக. ஒட்டகம் வாயால் நீ இதைக் கேட்டால் கயல் ஆபத்தான நிலையில் இருக்கிறாள் என்றே நினைத்துக்கொள்வாய். அவன் சொன்னால் எதுவும் பத்து மடங்கு ஆகிவிடும் என்பது கல்லூரியிலிருந்தே நமக்குத் தெரிந்ததுதானே.

போன வாரம் பள்ளிக்குப் போகும்போது ஒரு கார் கயலின் சைக்கிளை மறித்துத் திரும்பியது. அவள் விழுந்தாள். மணிக்கட்டில் சின்ன விரிசல், மாவுக்கட்டு போட்டிருக்கிறோம். முழங்கையில் சிராய்ப்பு. வேறொன்றும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள், கட்டின் மேல் வகுப்பு முழுவதும் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

எப்படி நடந்தது என்பதை உனக்குச் சரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தினமும் நடப்பதும் இதுதான். அவள் முன்னால், நான் கொஞ்சம் பின்னால், அவளைவிடச் சற்றுச் சாலையின் நடுப்பக்கமாக வந்தேன். பிள்ளையோடு போகும்போது பெரியவர் அப்படித்தான் போக வேண்டும், அப்போதுதான் பின்னால் வருகிறவர்களுக்கு இரண்டு பேரும் தெரிவோம். பள்ளிச் சந்துக்கு முன்னால் ஒரு கார் எங்கள் இரண்டு பேரையும் முந்தியது. கண்ணாடி என் தோளைத் தொடாதது அதிர்ஷ்டம். முந்திய கையோடு அதே கார் கயலுக்குக் குறுக்கே சந்துக்குள் திரும்பியது. இண்டிகேட்டர் போடவில்லை. அவள் பிரேக் பிடித்தாள், ஆனால் முன்சக்கரம் காரின் பின்கதவில் இடித்துவிட்டது.

இறங்கி வந்தவர் முதலில் சொன்னது, "நான் பார்க்கவே இல்லைங்க." எங்களை முந்திக்கொண்டு போனவர் அவர்! பார்க்காமல் எப்படி முந்த முடியும்? பார்த்தார். ஆனால் சைக்கிளில் போகிறவள் நகர்ந்துகொண்டே இருக்கிறாள் என்பது அவர் கணக்கில் இல்லை. முந்திவிட்டால் அந்தச் சைக்கிள் அந்த இடத்திலேயே நின்றுவிடும் என்பதுபோல் நடந்துகொள்கிறார்கள். சைக்கிளின் வேகத்தை ஓட்டுநர்கள் பல நேரம் குறைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். கயல் சாதாரணமாக மிதித்தாலே ஒரு நொடியில் மூன்று, நான்கு மீட்டர் போய்விடுவாள்.

இன்னொன்றையும் சொல்கிறேன். அந்தக் காரின் பின்சீட்டில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். கயலின் வகுப்புதான். தன் பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டுவிட வந்த அப்பா, அதே வாசலுக்குப் போகிற இன்னொரு பிள்ளையைத் தட்டிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை மல்லி. கை நடுங்க நின்றார், மருத்துவமனை வரை கூடவே வந்தார். எனக்கு வயிற்றைக் கலக்குவதே அதுதான். குடித்துவிட்டு ஓட்டுகிற ஒருவனாக இருந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். இவர் நம்மைப் போன்றவர். நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

கயல் அன்று இரவு கேட்டாள்: "வாசல் அங்கேயே இருக்கே அம்மா, அவர் எதுக்கு முந்தினார்?" நான் என்ன பதில் சொல்வது? எங்களுக்குப் பின்னால் நான்கு நொடி பொறுத்திருந்தால் போதும்.

அதிலிருந்து சாலையில் ஒவ்வொன்றும் என் கண்ணில் பெரிதாகத் தெரிகிறது. நீ ஹாரனில் கையை வைத்துக்கொண்டே ஓட்டுகிறவள், அதனால் இதை முதலில் சொல்கிறேன், கோவித்துக்கொள்ளாதே. சைக்கிளில் போகிற பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்தால் அது என்ன செய்யும் தெரியுமா? திரும்பிப் பார்க்கும். பழக்கம் குறைந்த பிள்ளை தலையைத் திருப்பும்போது ஹேண்டில்பாரும் கூடவே திரும்பும், அதாவது உன் வண்டியை நோக்கி வரும். 'நான் வருகிறேன்' என்று எச்சரிக்கத்தான் அடிக்கிறாய். அந்தப் பிள்ளையை உன் சக்கரத்துக்கு இழுப்பது அந்தச் சத்தம்தான்.

அப்புறம், உரசிக்கொண்டு முந்துவது. 'இடிக்கவில்லையே' என்கிறார்கள். சைக்கிள் நேர்க்கோட்டில் போகிற வண்டி இல்லை. குழி வரும், சாக்கடை மூடி வரும், காற்று அடிக்கும், பெரிய வண்டி கடந்தால் அந்தக் காற்றே ஒரு தள்ளு தள்ளும். அதற்குத்தான் இடைவெளி. ஜெர்மனியில் 2020 முதல் நகருக்குள் சைக்கிளை முந்த ஒன்றரை மீட்டர், நகருக்கு வெளியே இரண்டு மீட்டர் விட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பிரிட்டனின் சாலை விதிகளிலும் 2022-இல் ஒன்றரை மீட்டரை எழுதிச் சேர்த்தார்கள். அவ்வளவு இடம் இல்லையென்றால் முந்தாதே, பின்னாலேயே வா என்பதுதான் அதன் பொருள். சைக்கிள்காரர் ஏன் ஓரத்தில் போகாமல் நடுவில் போகிறார் என்று எரிச்சல்படுகிறவர்களுக்கும் அந்த பிரிட்டன் விதிகளில் பதில் இருக்கிறது: குறுகலான இடத்தில், சந்திப்பில், தன் தடத்தின் நடுவில் போவதே பாதுகாப்பு. ஓரத்தில் ஒட்டிப் போனால் அந்த இடைவெளியில் நுழைந்துவிடலாம் என்று பின்னால் வருகிறவருக்குத் தோன்றும்.

நிறுத்திய காரின் கதவை நான் இப்போது புலியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறேன். உள்ளே தலை தெரிந்தால் கதவு திறக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கதவில் மோதி விழுவதை விட, கதவைத் தவிர்க்க ஒதுங்கிப் பின்னால் வருகிற லாரியின் முன் போய்விடுவதுதான் பயம். நெதர்லாந்தில் ஓட்டக் கற்றுக்கொள்ளும்போதே ஒரு பழக்கத்தைச் சொல்லித் தருகிறார்களாம்: கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் கையால் திறக்காதே, தள்ளி இருக்கிற கையால் திற. அப்படித் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் போகும். காசு செலவில்லாத வேலை. உன் மகனுக்கும் இப்போதே சொல்லிக்கொடு, பின்சீட்டில் இருந்து கதவைத் திறப்பது பெரும்பாலும் பிள்ளைகள்தான்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேல் வேகம். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், நீயும் போட்டுப் பார். 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் ஒரு பிள்ளை குறுக்கே ஓடுவதைப் பார்த்து, ஒரு நொடியில் பிரேக்கை மிதித்தால், காய்ந்த சாலையில் ஏறக்குறைய 13 மீட்டரில் வண்டி நின்றுவிடும். 50-இல் வருகிறவருக்கு அந்த ஒரு நொடியிலேயே 14 மீட்டர் போய்விடும். அதாவது முதல் வண்டி முழுசாக நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது வண்டி இன்னும் பிரேக்கே பிடிக்கவில்லை, முழு வேகத்தோடு கடக்கிறது. வெறும் 20 கிலோமீட்டர் வித்தியாசம்! அவர் கையில் போன் இருந்தால் இன்னும் மோசம். 50-இல் போகும்போது இரண்டு நொடி திரையைப் பார்த்தால் 28 மீட்டர் சாலையைப் பார்க்காமலே ஓட்டியிருக்கிறார். பள்ளி வாசலில் 28 மீட்டருக்குள் எத்தனை பிள்ளைகள் நிற்பார்கள் என்று நினைத்துப் பார்.

பிள்ளைகள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லித்தான் தருகிறோம். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு, வேகமாக நெருங்கி வரும் வண்டி எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதைக் கண்ணால் அளக்கும் திறன் பெரியவர்களுக்கு இருப்பதுபோல் இருப்பதில்லை. அது கவனக்குறைவு இல்லை, வளர்ச்சி அப்படி. ஆறு வயதுப் பிள்ளை ஏறக்குறைய 115 சென்டிமீட்டர்தான் இருக்கும். இன்று ஓடுகிற பெரிய வண்டிகளில் பலவற்றின் எஞ்சின் முன்மூடியே (பானட்) ஒரு மீட்டர் உயரம். அந்தப் பிள்ளை வண்டிக்கு முன்னால் நின்றால் ஓட்டுகிறவருக்குத் தலை உச்சி தெரிந்தாலே பெரிது. இதில் வாசலை மறித்து இரண்டு வரிசையாகக் கார்களை நிறுத்தி, நடுவில் ஒருவர் ரிவர்ஸ் எடுப்பார். இரண்டு கார்களுக்கு இடையில் இருந்து பிள்ளைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

பள்ளியில் போய்ப் பேசினேன். நல்லபடியாகத்தான் கேட்டார்கள். ஆனால் கேட்ட முதல் கேள்வி, "ஹெல்மெட் போட்டிருந்தாளா?" போட்டிருந்தாள். கழற்றாமல்தான் இருக்கிறாள். ஆனால் ஹெல்மெட்டின் வேலை அவள் விழுந்த பிறகு தொடங்குகிறது. ஒரு கார் குறுக்கே திரும்பாமல் இருப்பதற்கு அது என்ன செய்யும்? இரண்டாவது கேள்வி, "சைக்கிளில்தான் அனுப்ப வேண்டுமா?" அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. தப்பாகத் திரும்பியவர் மறுநாளும் காரில் வரலாம், ஒழுங்காகப் போன பிள்ளை மட்டும் சைக்கிளை விட்டுவிட வேண்டுமா?

அதே வாரம் உன் குரல் செய்தியும் வந்தது. மகன் சைக்கிள் கேட்டு அடம் பிடிக்கிறான், சாலை இருக்கிற இருப்பில் முடியாது, காரிலேயே விட்டுவிடுகிறேன் என்று. உன் பயம் பொய்யில்லை. உலகம் முழுக்க 5 முதல் 29 வயது வரை உள்ளவர்கள் சாவதற்கு முதல் காரணம் சாலை விபத்துதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோய் எதுவும் இல்லை, சாலை. ஆனால் மல்லி, ஒவ்வொரு பெற்றோரும் இந்தப் பயத்தால் காரில் கொண்டுவிட்டால் வாசலில் இன்னொரு கார் கூடுகிறது. அதைப் பார்த்து அடுத்த வீட்டிலும் பயந்து காரை எடுக்கிறார்கள். கயலைத் தட்டிய அப்பாவும் சாலை பயமாக இருக்கிறது என்றுதான் மகளைக் காரில் அழைத்து வருகிறாராம், அவரே என்னிடம் சொன்னார்.

நெதர்லாந்து பிறவியிலேயே சைக்கிள் நாடு என்று நீ ஒரு முறை சொன்னாய், நினைவிருக்கிறதா? அது அப்படி இல்லை. 1971-இல் அங்கே சாலையில் ஏறக்குறைய 3,300 பேர் செத்தார்கள், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். எல்லா இடத்தையும் போல அவர்களும் கார்களுக்காக நகரத்தை இடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளரின் மகள் பள்ளிக்குச் சைக்கிளில் போகும்போது கார் மோதி இறந்துபோனாள். ஆறு வயது. அவர் 1972-இல் 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்று தலைப்பிட்டு எழுதினார். அந்தத் தலைப்பே ஒரு இயக்கத்தின் பெயரானது. பெற்றோர்கள் பிள்ளைகளோடு சாலையில் உட்கார்ந்தார்கள், தெருவை மறித்தார்கள். அதன் பிறகுதான் தனிப் பாதைகளும், குடியிருப்புத் தெருக்களில் வேகக் குறைப்பும் பரவின. அவர்கள் பிள்ளைகளை வீட்டுக்குள் அடைக்கவில்லை. கார்களை அடக்கினார்கள்.

அது ஏதோ பழைய கதை என்று விட்டுவிடாதே. ஹெல்சிங்கியில் குடியிருப்புத் தெருக்களுக்குப் பெரும்பாலும் 30-தான் உச்ச வேகம். 2019-இல் அந்த நகரத்தில் நடந்து போன ஒருவர்கூட வாகனம் மோதிச் சாகவில்லை. 2024 கோடையில் இருந்து ஒரு வருடம், காரில் போனவர்களையும் சேர்த்தே, சாலையில் ஒரு சாவுகூட இல்லை. ஸ்பெயினில் 2021 முதல், ஒரு திசைக்கு ஒரு தடம் மட்டும் உள்ள நகரச் சாலைகள் எல்லாவற்றிலும் 30. இத்தாலியின் போல்சானோவில் தொடங்கி பாரிஸ் வரை, பள்ளி விடும் நேரத்தில், சில இடங்களில் நாள் முழுவதும், பள்ளித் தெருவில் கார் நுழைவதையே நிறுத்திவிட்டார்கள். மந்திரம் ஒன்றுமில்லை, ஒரு தடுப்புக் கம்பியும் ஓர் ஆளும் போதும்.

நாங்கள் கேட்பதும் அதுதான். காலையில் அரை மணி நேரம், மாலையில் அரை மணி நேரம் பள்ளிச் சந்துக்குள் கார்களை விடக்கூடாது. காரில் வருகிறவர்கள் ஐந்து நிமிட நடை தூரத்தில் நிறுத்திவிட்டுப் பிள்ளையோடு நடந்து வரட்டும். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் இதை வைக்கிறோம். யார் கூட நிற்கிறார் தெரியுமா? கயலைத் தட்டிய அந்த அப்பா. அவரே வந்து கேட்டார். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம், இவரை விட்டால் வேறு யார் சொன்னால் காரில் வருகிறவர்கள் கேட்பார்கள் என்று தோன்றியது. சரி என்றேன்.

உன் மகனுக்குச் சைக்கிள் வாங்கிக்கொடு. வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் நீயும் அவன் பின்னாலேயே போ. மூட்டு வலி என்று சொல்லாதே, மலை ஏறும்போது எங்களை எல்லாம் விட்டுவிட்டு முன்னால் ஓடியவள் நீ. லாரியோ பேருந்தோ திரும்ப நிற்கும்போது அதன் பக்கவாட்டில் போய் நிற்கவே கூடாது, ஓட்டுநர் கண்ணாடியில் அவன் தெரியாமலே போகலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடு. சந்திப்புகளில் ஓட்டுகிறவரின் முகத்தைப் பார்க்கப் பழக்கு. வாங்கும் சைக்கிளும் அவன் அளவுக்கு இருக்கட்டும், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று பெரிதாக வாங்கிவிடாதே, கால் எட்டாத பிள்ளைக்குப் பிரேக்கும் சரியாக எட்டாது.

நீ ஒரு உதவி செய்ய வேண்டும். உங்கள் தெருவில் வேகத்தடை கேட்டு நகராட்சிக்கு நீ எழுதிய மனு நன்றாக இருந்தது என்று ராஜி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதன் நகல் இருந்தால் வியாழனுக்குள் படமெடுத்து அனுப்பு. யாருக்கெல்லாம் நகல் அனுப்பினாய், எத்தனை நாள் கழித்து வந்து பார்த்தார்கள் என்பதையும் எழுது. ஒட்டகத்திடம் நானே பேசிக்கொள்கிறேன், கூட்டத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். குரலை உயர்த்தாமல் பேசச் சொல்லி அவனிடம் நீயும் ஒரு வார்த்தை சொல்லிவை, நீ சொன்னால்தான் கேட்பான்.

அன்புடன்,
சுதா