துடைத்துத் துடைத்தே கெடுத்த கதை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அன்றைக்கே பதில் போட்டிருப்பேன், ஆனால் நீ கேட்டிருந்த கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதினால் எனக்கு மனசு ஆறாது, அதனால் ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று வைத்திருந்தேன், அது போய் அடுத்த ஞாயிறும் வந்துவிட்டது. முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். படி ஏறினால் வலிக்கிறது, இறங்கினால் இன்னும் வலிக்கிறது, வாளியோடு காரைச் சுற்றிக் குனிந்து நிமிர்ந்தால் மட்டும் வலிப்பதே இல்லை என்று வீட்டில் கிண்டல். பெரியவள் வேலை மாறிவிட்டாள். சின்னவன் இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காரைக் கறுப்பு நிறத்தில் எடுத்திருக்கிறாய். எடுக்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். கழுவி முடித்த அரை மணி நேரத்துக்கு அதைப் போல அழகான நிறம் வேறு கிடையாது, அப்புறம் தூசி, கைரேகை, காய்ந்த சொட்டு என்று ஒன்று விடாமல் காட்டிக்கொடுத்துவிடும். ஃபோர்டு கம்பெனி 1914-லிருந்து 1925 வரை மாடல் டி காரைக் கறுப்பில் மட்டும்தான் விற்றது, அந்தக் காலத்து ஆட்களுக்கு வேறு வழியில்லை, உனக்கு என்ன வந்தது?

இப்போது ஆறே மாதத்தில் பானெட் மேல் சிலந்தி வலை மாதிரி வட்டவட்டமாகக் கோடு தெரிகிறது, பெயிண்ட் மட்டமாக அடித்துவிட்டார்களா, ஷோரூமில் போய் நாலு கேள்வி கேட்கட்டுமா என்கிறாய். போகாதே. போனால் அவர்கள் உன்னிடம் ஒரே ஒரு கேள்விதான் திருப்பிக் கேட்பார்கள்: தினமும் காலையில் எதை வைத்துத் துடைக்கிறீர்கள் சார்?

கோபப்படாதே, நானும் உன் கட்சிதான். என்னுடைய பழைய கார் உனக்கு நினைவிருக்கும், கருநீலம். மூன்று வருடம் ஒரு நாள் விடாமல், வேலைக்குக் கிளம்பும் முன் பழைய பனியன் துணியால் தட்டித் தட்டித் துடைத்திருக்கிறேன், அதில் ஒரு பெருமை வேறு. ஒரு ராத்திரி பெட்ரோல் பங்கில் காற்றடிக்க நின்றேன். தலைக்கு மேலே இருந்த விளக்கின் பிம்பம் பானெட்டில் அப்படியே விழுந்தது, அதைச் சுற்றி நூல் நூலாக ஆயிரம் வளையங்கள். தலையைக் கொஞ்சம் நகர்த்தினேன், விளக்கின் பிம்பம் நகர்ந்தது, வளையங்களும் கூடவே நகர்ந்தன. காற்றடிக்கிற பையன் என்ன சார் தேடுறீங்க என்று கேட்கும் வரை அந்த பானெட் மேல் குனிந்தபடியே நின்றிருக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால் அவை வளையங்களே இல்லை. குறுக்கும் நெடுக்குமாக எல்லாப் பக்கமும் ஓடுகிற நுண்ணிய கீறல்கள்தான். வெளிச்சத்துக்குக் குறுக்காகக் கிடக்கிற கீறல் மட்டும் பளிச்சென்று தெரியும், மற்றதெல்லாம் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும், அதனால்தான் விளக்கு எங்கே விழுந்தாலும் அதை நடுவில் வைத்து வலை பின்னின மாதிரி இருக்கிறது. வட்டமாகத் தேய்த்ததால்தான் வந்தது, நேராகத் தேய் என்று உனக்கு யாராவது சொல்வார்கள். நேராகத் தேய்ப்பதில் தப்பில்லை, அந்தக் கீறல் எல்லாப் பக்கமிருந்தும் கண்ணை உறுத்தாது. ஆனால் கீறல் கீறல்தான்.

நாம் தடவிப் பார்த்து மகிழ்கிறோமே, அது நிறமே இல்லை தெரியுமா. தகட்டின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதற்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரி கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான் வரும் (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர்), அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றே சுமார் 70 மைக்ரான் இருக்கும் (உனக்கு நினைவிருந்தால்). ஆக ஒரு முடி கனம்கூட இல்லாத தோல் அது, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் அதுதான், பளபளப்பும் அதுதான். தெருத் தூசியில் இருக்கிற மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், அது கண்ணாடியையே கீறும். அதன் மேல் உலர்ந்த துணியைப் போட்டு அழுத்தி இழுத்தால் நீ காரைத் துடைக்கவில்லை, உப்புத்தாள் போடுகிறாய்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான், தூசி படிந்தால் படியட்டும், விடு. காய்ந்த தூசி சும்மா உட்கார்ந்திருப்பதால் பெயிண்டுக்கு ஒன்றும் ஆகிவிடாது, நாம் துடைக்கிறேன் பேர்வழி என்று இறங்கும்போதுதான் வினை. தூசியோடு இருக்கிற கார் மேல் உறையைப் போட்டு மூடுவதும் இதே கதைதான், காற்றடிக்கும்போது உறை அசைந்து அசைந்து ராத்திரி முழுக்கத் தேய்த்துக்கொண்டிருக்கும். மூடுவதாக இருந்தால் கழுவிக் காய்ந்த காரை மூடு.

விட்டுவைக்கக் கூடாதது ஒன்று உண்டு, பறவை எச்சம். இதற்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதே. வெயிலில் சூடேறும்போது கிளியர் கோட் இளகி விரியும், எச்சம் அதன் மேல் காய்ந்து இறுகும், சாயங்காலம் பெயிண்ட் குளிர்ந்து சுருங்கும்போது அந்த எச்சத்தின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப வடிவம் பிடித்துவிடும். அமிலம் வேறு தன் பங்குக்கு அரிக்கும். என் கார் மேற்கூரையில் அப்படி ஒரு தழும்பு இருக்கிறது, ஒரே ஒரு நாள் வெயிலில் விட்டதற்கு. நகத்தால் சுரண்டாதே, உள்ளே விதையும் மண்ணும் இருக்கும். ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்து அதன் மேல் போட்டு ஐந்து பத்து நிமிடம் ஊறவிடு, ஊறினதும் அழுத்தாமல் அப்படியே அள்ளி எடுத்துவிடு.

அடுத்தது கழுவுவது. நிழலில் நிறுத்து, பானெட்டைப் புறங்கையால் தொட்டுப் பார், சூடு இருந்தால் பேப்பர் படித்துவிட்டு வா. சூடான தகட்டில் ஷாம்பு ஓடுவதற்கு முன் காய்ந்துவிடும். சக்கரங்களை முதலில் முடித்துவிடு, பிரேக்கிலிருந்து உதிர்கிற இரும்புத் தூள் அங்கேதான் அப்பிக் கிடக்கும், அதற்கு வைத்திருக்கிற வாளியும் துணியும் சாகும்வரை சக்கரத்துக்கு மட்டும்தான்.

அப்புறம் வெறும் தண்ணீர். நாம் எல்லாரும் அவசரப்படுகிற இடம் இது, இரண்டு பீச்சு பீச்சிவிட்டு நேராக ஷாம்புவுக்குப் போய்விடுகிறோம். மேலிருந்து கீழாக, நிதானமாக, கதவின் கீழ்ப்பகுதிக்கும் சக்கரத்தின் மேல் வளைவுக்கும் கூடுதலாக நேரம் கொடுத்துத் தண்ணீர் விடு. கை படாமல் போகிற அழுக்கெல்லாம் லாபம். பிரஷர் வாஷர் வாங்கியிருக்கிறாய் என்றால் முனையைக் குறைந்தது ஓர் அடி தள்ளிப் பிடி, பெயிண்ட் பெயர்ந்திருக்கிற இடத்தில் நேராக அடித்தால் மிச்சத்தையும் உரித்துவிடும்.

இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்புவில் முக்கி மேற்கூரையில் ஆரம்பி, அழுத்தாதே, அதன் எடையே போதும். ஒரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு வாளிக்குள் கை போக வேண்டும். இது என்ன சடங்கு என்று முதலில் எனக்கும் அலுப்பாகத்தான் இருந்தது. கழுவி முடித்து அந்த இரண்டாவது வாளித் தண்ணீரைக் கொஞ்ச நேரம் தெளியவிட்டு மெல்லச் சாய்த்துக் கொட்டினேன், அடியில் ஒரு கைப்பிடி இல்லாவிட்டாலும் இரண்டு சிட்டிகை மணல், விரலால் தொட்டால் நறநறவென்கிறது. ஒரே வாளியாக இருந்திருந்தால் அத்தனையும் திரும்பத் திரும்பக் கார் மேலேயே ஏறியிருக்கும். பம்பரின் கீழ்ப்பகுதியும் கதவுகளின் அடியும்தான் இருப்பதிலேயே அழுக்கு, அதைக் கடைசியில் வைத்துக்கொள். பாத்திரம் கழுவுகிற திரவத்தைத் தொடாதே, எண்ணெய்ப் பிசுக்கைக் கழற்றவென்றே செய்தது அது, நீ கைவலிக்கப் பூசின வாக்ஸையும் பிசுக்கு என்றே நினைத்து அள்ளிக்கொண்டு போய்விடும்.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைவது துடைக்கிற கட்டத்தில்தான். ஷாம்பு நுரை இருக்கும்வரை வழுக்கிக்கொண்டு போன கை, இப்போது பிடித்துப் பிடித்துப் போகும். தடிமனான மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் பரப்பி, ஓரத்தைப் பிடித்து மெல்ல இழு, அல்லது ஒற்றி எடு. தரையில் விழுந்த துண்டு அன்றைக்கு அவுட், உதறிவிட்டு மறுபடி எடுக்காதே. தானாகக் காயட்டும் என்று விட்டாலும் வம்பு, தண்ணீர் போய்விடும், அதில் இருந்த கால்சியமும் மக்னீசியமும் வெள்ளை வளையமாக உட்கார்ந்துகொள்ளும், கறுப்பில் சொல்லவே வேண்டாம். புதிய வளையமாக இருந்தால் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்து, நன்றாக அலசிவிட்டால் போகும். பல நாள் வெயிலில் வெந்ததென்றால் அது பெயிண்டுக்குள்ளேயே இறங்கியிருக்கும்.

நீ பாலிஷும் வாக்ஸும் ஒன்று என்று நினைத்து எழுதியிருக்கிறாய், ஒன்றில்லை. பாலிஷ் தேய்த்து எடுப்பது, வாக்ஸ் மேலே பூசுவது. பாலிஷ் போட்டால் கீறல் மறைகிறதே, எப்படி? கீறலைச் சுற்றியிருக்கிற கிளியர் கோட்டைக் கீறலின் மட்டத்துக்குச் சீவிவிடுகிறது, அவ்வளவுதான். இருப்பதே ஒரு முடி கனம்கூட இல்லை என்றேனே, அதிலிருந்துதான் அதுவும் கழிகிறது. வருடத்துக்கு நாலு முறை பாலிஷ் போடுகிறேன் என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார், எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நகத்தைக் கீறல் மேல் குறுக்கே ஓட்டிப் பார், தட்டி நின்றால் அது பாலிஷுக்கு அடங்காது, விட்டுவிடு. உன் வலை அப்படியிருக்காது, ஒரு முறை நல்ல ஆளிடம் கொடுத்தால் பெரும்பாலும் போய்விடும், ஆனால் துடைக்கிற பழக்கத்தை விட்ட பிறகு கொடு.

வாக்ஸ் போடும் முன் ஒரு சின்னச் சோதனை செய். கழுவிக் காய்ந்த காரின் மேல், மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு விரல் நுனியால் தடவு. வெறும் கைக்கு வழவழவென்று இருந்த பானெட் பையோடு தடவும்போது சொரசொரவென்று, ரவை கொட்டினாற்போல இருக்கும். பிரேக் தூளும் தார்ப் புள்ளிகளும் மரப் பிசினும் ஒட்டிக்கொண்டு கழுவினாலும் போகாமல் நிற்கிற சங்கதி அது. இதற்கு கிளே பார் என்று களிமண் மாதிரி ஒரு கட்டி விற்கிறது. பெயிண்ட் மேல் அதற்குரிய திரவத்தைத் தாராளமாக அடித்துவிட்டு அந்தக் கட்டியைத் தட்டையாக்கி மெல்ல ஓட்டினால், முதலில் கரகரவென்று இழுக்கும், நாலைந்து முறை போனதும் சத்தம் அடங்கி வழுக்க ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் அடங்குகிற நொடிக்காகவே நான் இதைச் செய்கிறேன் என்று நினைக்கிறேன். அடிக்கடி மடித்துப் புது முகத்தைத் திருப்பிக்கொள். கீழே விழுந்தால், எவ்வளவு மிச்சமிருந்தாலும், தூக்கி எறி. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் வேண்டாம்.

வாக்ஸில் கார்னௌபா என்று போட்டிருப்பார்கள், வடகிழக்கு பிரேசிலில் வளர்கிற ஒரு பனையின் ஓலையிலிருந்து எடுக்கிற மெழுகு. ஓலையைக் காயவைத்துத் தட்டி உதிர்க்கிறார்கள். அந்த மரம் தன் ஓலை வெயிலில் வற்றாமல் இருக்கப் பூசிக்கொண்டதை நாம் வாங்கிக் காருக்குப் பூசுகிறோம். ஒன்றிரண்டு மாதம் நிற்கும். வாக்ஸுக்குப் பதிலாகப் பூசுகிற ரசாயனப் பூச்சான செயற்கை சீலண்ட் நாலைந்து மாதம் வரும். எதுவானாலும் மெல்லிசாகப் பூசு, கெட்டியாகப் பூசினால் துடைத்தெடுக்க நீ படும் பாடுதான் அதிகம்.

செராமிக் கோட்டிங் பற்றிக் கேட்டாய், பெயிண்ட் மேல் திரவமாகப் பூசி இறுகவிடுகிற பூச்சு அது. நல்லதுதான், சரியாகப் போட்டால் வருடக்கணக்கில் தண்ணீரும் அழுக்கும் ஒட்டாமல் உருண்டு ஓடும், கழுவுவது சுலபம். ஆனால் கல் தெறித்தால் தடுக்காது, கீறலே விழாது என்று விற்கிறவர்கள் சொன்னால் நம்பாதே. முக்கியமாக, வலையை எடுக்காமல் மேலே கோட்டிங் போட்டால் அந்த வலையைச் சட்டம் போட்டு மாட்டின மாதிரி ஆகிவிடும். கல்லுக்கு வேண்டுமானால் பிபிஎஃப் (பெயிண்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம்) என்கிற பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்ட வேண்டும், 150, 200 மைக்ரான் கனம், செலவு கையைக் கடிக்கும். முன்பக்கத்துக்கு மட்டும் ஒட்டினால் போதும் என்பது என் கட்சி.

கை வலிக்கிறது. உன் அண்ணன் உடம்பு இப்போது எப்படி, அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே? அடுத்த மாதம் இந்தப் பக்கம் வருகிறேன் என்றாயே, காரிலேயே வா. வருகிற வழியில் எங்கேயும் நிறுத்தித் துடைத்துவிட்டு வராதே, தூசியோடேயே கொண்டு வா, இரண்டு வாளியும் எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்

பி.கு: கழுவி முடித்ததும் அப்படியே நிறுத்திவிடாமல் ஒரு சுற்று ஓட்டி, பிரேக்கை நாலு முறை மெல்ல மிதித்துக் காயவைத்துவிடு, இல்லாவிட்டால் மறுநாள் டிஸ்க்கில் செம்மண் பூசின மாதிரி துரு நிற்கும். அப்புறம் மைக்ரோஃபைபர் துண்டின் ஓரத்தில் தைத்திருக்கிற டேக்கை வெட்டி எறிந்துவிடு, அதன் முனையும் கீறும். துவைக்கும்போது துணி மென்மையாக்கி ஊற்றாதே, நூலிழை வழவழத்துப்போய்த் தண்ணீர் உறிஞ்சாது.