கைப்பிடியை மாற்றச் சொன்னார்கள், அறுந்திருந்தது ஒயர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் மருமகனின் காரில் சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கைப்பிடியில் இருக்கும் சின்னக் கறுப்பு பட்டனை அழுத்தினாலே கதவு திறக்கும். டிரைவர் பக்கம் மட்டும் நாலு மாதமாக ஒரு நாள் திறக்கும், மறுநாள் திறக்காது, கடைசியில் ஒரேயடியாக நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். பட்டனை இரண்டு தடவை அழுத்திப் பார்த்த பையன், "ஹேண்டில் போயிருச்சு சார், ஃபுல் செட் மாத்தணும்" என்று சொல்லி 8,700 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்துவிட்டார். ஒயரையும் ஸ்விட்சையும் சோதிக்கும் மீட்டரைக் கையில்கூட எடுக்கவில்லை.

நான் கோவையில் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். கார் வேலை பழக்கமில்லை, ஆனால் ஒயர் எங்கே இருந்தாலும் ஒயர்தானே. ரிமோட்டை அமுக்கினால் நாலு கதவும் திறக்கின்றன, அப்படியென்றால் லாக் மோட்டாரும் ஃபியூஸும் சரி. இடது பக்கக் கைப்பிடி பட்டனுக்குக் கதவு திறக்கிறது, அப்படியென்றால் சாவியின் பேட்டரியும் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரும் சரி. மிச்சம் இருப்பது வலது கைப்பிடியும் அதற்குப் போகும் ஒயரும் மட்டும்தான். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேட்டரியின் நெகடிவைக் கழற்றிவிட்டுக் கதவின் உள்பலகையைப் பிரித்தேன். இரண்டு ஸ்க்ரூ, சுற்றிலும் கிளிப், அதில் இரண்டு கிளிப் உடைந்தது என் அவசரத்தால். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காமல் உரிக்க வேண்டும், அது மழைத்தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது, திரும்ப ஒட்டாமல் விட்டால் அடுத்த மழைக்குக் கால்மிதி நனையும். கைப்பிடியின் கனெக்டரைக் கழற்றி மீட்டரை பஸ்ஸரில் வைத்து, அதாவது தொடர்பு இருந்தால் சத்தம் போடும்படி வைத்து, பட்டனை அழுத்தினேன். ஒவ்வொரு தடவையும் கீச் கீச் என்று சத்தம். மாற்றச் சொன்ன கைப்பிடி நன்றாகத்தான் இருக்கிறது!

அப்புறம் ஒயர். கதவுக்கும் பாடிக்கும் நடுவே, கீல் பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய் இருக்கும், கதவின் ஒயர் அத்தனையும் அதற்குள்தான் போகின்றன. கதவைத் திறந்து சாத்தும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் மடங்கி நிமிர்கிறது, அதிலும் டிரைவர் கதவுதான் அதிகம் அடிபடும். இஸ்திரிப் பெட்டி ஒயர் கழுத்தில் அறுகிற அதே கதை. எந்த ஒயர் எந்தப் பின்னுக்குப் போகிறது என்று சொல்ல வரைபடம் கையில் இல்லாததால் ஒயரின் நிறத்தை வைத்துத் தேடியே மதியம் முழுக்கப் போய்விட்டது. கடைசியில் மீட்டரின் ஒரு முனையைக் கைப்பிடிக் கனெக்டரிலும் இன்னொன்றை டிரைவர் கால் பக்கத்து கனெக்டரிலும் மாட்டிவிட்டு, மகளைக் கதவை மெதுவாக ஆட்டச் சொன்னேன். பாதி திறந்திருக்கும்போது சத்தம் வருகிறது, சாத்தினால் நின்றுவிடுகிறது. ரப்பரை நகர்த்தி ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்தால் ஒன்று மட்டும் ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டது. மேலே உறை முழுசாக இருக்கிறது, உள்ளே செம்பு அறுந்து கறுத்துப்போயிருக்கிறது. கண்ணால் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

அறுந்த இடத்திலேயே சால்டர் வைத்து ஒட்டியிருக்கலாம். ஆனால் ஈயம் ஏறிய ஒயர் விறைப்பாகிவிடும், மடங்கும் இடத்தில் அது சீக்கிரமே பக்கத்தில் அறும். அதனால் ரப்பருக்குள் இருந்த பகுதியையே நீக்கிவிட்டு, மெல்லிய பல இழை ஒயரைக் கொஞ்சம் தளர்வாக விட்டு, ஜாயிண்டுகள் குழாய்க்கு இரண்டு பக்கமும் வெளியே வருகிற மாதிரி போட்டேன். ஒயரும் ஸ்லீவும் சேர்த்து அறுபது ரூபாய்.

எல்லாக் கைப்பிடியையும் இப்படிக் காப்பாற்ற முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பட்டன் இல்லாமல் தொட்டாலே திறக்கும் வகையில் சென்சார் உள்ளேயே மூடி ஒட்டப்பட்டிருக்கும், சாவியைக் கூப்பிடும் ஆன்டெனாவும் பல கார்களில் கைப்பிடிக்குள்தான் இருக்கிறது. அவை கெட்டால் முழுசாக மாற்றத்தான் வேண்டும். கெட்டதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள் என்பதுதான் என் சண்டை.

நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு இணையதளத்தைத் தொடங்கியது, அதில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. நல்ல ஆரம்பம். கதவு ஒயரிங் வரைபடமும் மாடல் வாரியாக அங்கே கிடைக்கும்படி செய்தால் தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியன் என்னைப்போல நிறத்தைப் பார்த்துத் தடவ வேண்டியதில்லை. எஸ்டிமேட் தாளிலும் "என்ன சோதனை செய்தோம்" என்று ஒரு வரி கட்டாயமாக்க வேண்டும். அந்த வரி காலியாக இருந்தால் வாடிக்கையாளருக்கு விஷயம் புரிந்துவிடும்.

பட்டன் இப்போது மூன்று மாதமாகத் தகராறு செய்யவில்லை. உடைந்த இரண்டு கிளிப்பைத்தான் இன்னும் மாற்றவில்லை, கதவைச் சாத்தும்போது பலகை லேசாக லொடலொடவென்கிறது. மகள் தினமும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மில் எலக்ட்ரீஷியன்,
சிங்காநல்லூர், கோவை