எந்த மாதம் வரலாம் என்று கேட்டீர்களே, அப்பா

போர்ட்லாந்து, அமெரிக்கா
பிப்ரவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? விசா கைக்கு வந்துவிட்டது என்று தம்பி சொன்னதிலிருந்து எனக்கு இங்கே ஒரு வேலையும் ஓடவில்லை. "எப்போ வந்தா அந்த ஆத்துல மீன் இருக்கும்" என்று போனில் கேட்டீர்கள், நானும் செப்டம்பர் கடைசி என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மா ஜூலையிலேயே கிளம்பலாம் என்கிறாளாம். டிக்கெட் போடுவதற்குள் ஏன் ஜூலை வேண்டாம் என்று விளக்கமாகச் சொல்லிவிட வேண்டும். போனில் சொன்னால் உங்கள் பேரன் நடுவில் பிடுங்கிக்கொள்வான். எழுதிவிட்டால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படிப்பீர்கள்.

முதலில் ஆறு. டெஷூட்ஸ் என்று பெயர், பிரெஞ்சுக்காரர்கள் வைத்தது, அருவிகள் உள்ள ஆறு என்று அர்த்தம். எங்கள் வீட்டிலிருந்து மாப்பின் என்கிற சின்ன ஊருக்குக் காரில் இரண்டு மணி நேரம், அங்கேதான் நான் வழக்கமாகப் போவேன். வழியில் ஹூட் மலை வரும். மலைக்கு இந்தப் பக்கம் மழை, பாசி, ஓயாத பச்சை. கணவாயைத் தாண்டி இறங்கினால் திடீரென்று காய்ந்த புல், கரடு, கறுப்புப் பாறை. செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் கேரளா, இந்தப் பக்கம் நம் கடையநல்லூர்ப் பொட்டல் என்று நீங்கள் காட்டுவீர்களே, அதே கதைதான், மழையை மலையே வாங்கிக்கொள்கிறது. அந்தக் காய்ந்த பள்ளத்தாக்கின் அடியில் பச்சையும் வெள்ளையுமாக இந்த ஆறு வடக்கே ஓடிக் கொலம்பியா என்கிற பெரிய ஆற்றில் விழுகிறது.

தினமும் பேப்பரில் பாபநாசம் அணை நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் பார்த்துவிட்டுத்தானே காபி குடிப்பீர்கள். இங்கே நானும் அப்படித்தான். காலையில் எழுந்ததும் போனில் மூடி என்கிற இடத்து அளவுமானியைப் பார்ப்பேன், முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கன அடிக் கணக்கு இங்கேயும் அதேதான். கோடைக் கடைசியில் பெரும்பாலும் 4,000-க்கும் 5,000-க்கும் நடுவில் நிற்கும். ஊற்றுத் தண்ணீர் நிறைய சேருவதால் இந்த ஆறு சட்டென்று ஏறுவதும் இல்லை, வற்றுவதும் இல்லை. ஆனால் கன அடியை விட முக்கியமாக நான் பார்ப்பது தண்ணீரின் சூடு. நம் ஊரில் இதை நாம் யோசித்ததே இல்லை. இந்த மீனுக்கு அதுதான் எல்லாம்.

மீன் பெயர் ஸ்டீல்ஹெட். நான் பத்தாவது படிக்கும்போது ஊட்டிக்குப் போய், அங்கிருந்து அவலாஞ்சியில் ட்ரவுட் குஞ்சு பொரிக்கும் பண்ணையைப் பார்த்தோமே, உடம்பில் செம்பட்டையாக ஒரு கோடு ஓடும், ஞாபகம் இருக்கிறதா? வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நீலகிரியில் விட்ட அந்த வானவில் ட்ரவுட்டும் இந்த ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம். இந்தப் பசிபிக் கரைதான் அதற்குப் பூர்வீகம். ஆற்றிலேயே தங்கிவிட்டால் ட்ரவுட். கடலுக்குப் போய் ஓரிரண்டு வருஷம் தின்று வெள்ளி மாதிரி ஆகித் திரும்பி வந்தால் ஸ்டீல்ஹெட். ஒரே வயிற்றில் பிறந்ததில் ஒன்று ஆற்றோடு இருந்துவிடும், ஒன்று கடலுக்குப் போய்விடும். இதைப் படித்த அன்றைக்குத் தம்பிக்குப் போன் செய்து சொன்னேன்.

கடலிலிருந்து டெஷூட்ஸ் வாய்க்கு வர அது கொலம்பியாவில் 330 கிலோமீட்டர் எதிர்நீச்சல் போட வேண்டும், நடுவில் இரண்டு பெரிய அணைகள். அணையில் மீன் ஏறுவதற்கென்றே படிப்படியாகத் தொட்டி கட்டியிருக்கிறார்கள். அவற்றில் போனவில் என்கிற அணையில் கண்ணாடி ஜன்னல் வைத்து, கடந்துபோகும் ஒவ்வொரு மீனையும் இனம் பார்த்து எண்ணுகிறார்கள், 1938-இலிருந்து எண்ணுகிறார்கள் அப்பா! அது எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. அம்மாவும் பேரனும் அங்கே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்துவிடுவார்கள்.

சரி, ஜூலை. மீன் கடலிலிருந்து வர ஆரம்பிப்பது அப்போதுதான், அதனால் அம்மா சொல்வதில் தப்பில்லை. ஆனால் அந்த மாதமும் ஆகஸ்டும் கொலம்பியா 20 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். நமக்கு 20 டிகிரித் தண்ணீர் என்றால் மார்கழிக் குளியல், இந்த மீனுக்கோ அது காய்ச்சல். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, அந்த நேரத்தில் தூண்டிலில் போராடிக் களைத்த மீன், நாம் பத்திரமாக விட்டாலும் பிழைக்காமல் போகலாம். எங்கேயோ மேலே ஐடஹோவுக்குப் போக வேண்டிய மீன்கள்கூட வழியில் டெஷூட்ஸ் வாயில் குளிர்ச்சிக்காக ஒதுங்கி நிற்கும், வழிப்போக்கர்கள் ஆலமரத்தடியில் நிற்பது மாதிரி. அப்படி நிற்கிற மீனைப் போய்க் குத்த எனக்கு மனம் வராது. சூடு அதிகமான வருஷங்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் யாரும் தூண்டில் போடக் கூடாது என்று அரசே உத்தரவு போடும். போதாததற்கு வெயில் ஏறினால் ஹூட் மலையின் பனிப்பாளம் உருகி, ஒயிட் ரிவர் என்கிற கிளையாறு வழியாகப் பாறைப்பொடி கலந்த தண்ணீர் வரும். அது சேருகிற இடத்துக்குக் கீழே டெஷூட்ஸ் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிடும், தூண்டிலில் கட்டும் பூச்சி மீனின் கண்ணுக்கே தெரியாது. பள்ளத்தாக்கிலும் நம் ஊர் அக்னி நட்சத்திரம் மாதிரி கொதிக்கும், சாயங்காலம் காற்று முகத்தில் அறையும். இவ்வளவு தூரம் வந்துவிட்டு உங்களை அதில் நிறுத்த வேண்டுமா?

செப்டம்பர் பாதியில் இரவு குளிர ஆரம்பித்ததும் எல்லாம் மாறும். தண்ணீர் மெல்ல 15, 14, 13 என்று இறங்கும். மீன் மாப்பின் பக்கம் வந்து சேர்ந்திருக்கும், அக்டோபரில் இன்னும் மேலே போகும். காலை ஐந்தரைக்கு இருட்டில் போய் நின்றுவிட வேண்டும். பள்ளத்தாக்கு ஆழம் என்பதால் வெயில் தண்ணீரில் இறங்க நேரமாகும், அந்த நிழல் இருக்கிறவரைதான் மீன் மேலே வரும். வெயில் பட்டதும் அடியில் போய்விடும், நாமும் எந்தக் கரையில் இன்னும் நிழல் என்று தேடிப் போக வேண்டும். இந்தக் கீழ் டெஷூட்ஸில் படகில் இருந்தபடி தூண்டில் போட அனுமதி இல்லை. படகில் வந்தாலும் இறங்கி ஆற்றிலோ கரையிலோ நின்றுதான் போட வேண்டும்.

மண்புழு கிடையாது, தக்கை கிடையாது. இறகும் நூலும் முள்ளில் கட்டிய பூச்சி, அவ்வளவுதான். முள்ளில் மீனைப் பிடித்து நிறுத்தும் அந்தச் சின்னக் கொக்கி இருந்தால் இடுக்கியால் நசுக்கிவிடுவேன். கம்பு 13 அடி, இரண்டு கையால் பிடிப்பது. பூச்சிக்கு எடை இல்லை, கனமான கயிற்றை வீசினால் பூச்சி பின்னாலேயே போகும். ஆற்றின் குறுக்கே கொஞ்சம் கீழ்நோக்கி வீசிவிட்டு, கயிறு இறுகி, பூச்சி வளைந்து வளைந்து நம் கரைப்பக்கம் வந்து சேரும்வரை பேசாமல் நிற்க வேண்டும். பிறகு கீழே ஓரடி நகர்ந்து மறுபடி வீச வேண்டும். ஒரு காலையில் நூறு, இருநூறு தடவை. வந்த மீன் ஆற்றில் அதிகம் தின்பதில்லை, ஏதோ பழைய பழக்கத்தில்தான் பூச்சியைக் கவ்வுகிறது, அதனால் பல நாள் ஒன்றுமே நடக்காது.

ஆனால் எங்கே நின்று வீசுவது என்பது நீங்கள் சொல்லிக் கொடுத்ததுதான் அப்பா. கல்லிடைக்குறிச்சிப் பாலத்துக்குக் கீழே என்னைத் தோளில் வைத்துக்கொண்டு, "பாறைக்கு முன்னாடி தண்ணி மேடா இருக்கு பாரு, பின்னாடி வழுவழுன்னு போகுது பாரு, ஓடுற தண்ணிக்கும் நிக்கிற தண்ணிக்கும் நடுவுல கோடு தெரியுதா, அங்கதான் மீன் நிக்கும்" என்று காட்டினீர்களே. இங்கே பணம் கொடுத்து வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுப்பதும் அந்தக் கோட்டைத்தான்.

ஒன்றை மட்டும் நான் மறக்க வேண்டியிருந்தது. தக்கை முங்கியதும் சுண்டு என்பீர்கள். ஸ்டீல்ஹெட்டுக்குச் சுண்டவே கூடாது. அது கவ்வித் திரும்பிப் போகும்போது தானாக வாய் ஓரத்தில் முள் ஏறும், அதுவரை கை சும்மா இருக்க வேண்டும். இரண்டாவது வருஷம் இரண்டு மீனை நான் சுண்டியே விட்டேன். மூன்றாவது வருஷம் அக்டோபர் முதல் வாரம், எதிர்க்கரையில் கூட்ஸ் வண்டி ஒன்று நீளமாகப் போய்க்கொண்டிருந்தது, பூச்சி வளைவின் கடைசிக்கு வந்தபோது கயிறு கனத்தது. கையை அப்படியே வைத்திருந்தேன். அப்புறம் கயிற்றில் கட்டிய கிடா மிரண்டு ஓடுவது மாதிரி ஒரே ஓட்டம், ரீல் கத்துகிறது, நடு ஆற்றில் ஆளுயரம் துள்ளியது. பத்து நிமிஷம் இருக்கும். மூன்று கிலோ வரும், முதுகு ஈயப் பச்சை, வயிறு வெள்ளி, கன்னத்தில் லேசாக ரோஜா நிறம். தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமல் வால் அடியைப் பிடித்து எதிரோட்டத்தில் முகம் வைத்து நின்றேன், என் கையிலிருந்து அதுவாக உதறிக்கொண்டு போனது. கரையில் ஏறி உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன். அழுததை மட்டும் உங்களிடம் சொல்லவே இல்லை.

"பிடிச்சதை ஏன் விட்டே" என்று அன்றைக்கு நீங்கள் கேட்டதற்குப் பதில் இது. பண்ணையில் பொரித்துவிட்ட மீனுக்கு வாலுக்கு முன்னால் முதுகில் இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பை வெட்டியிருப்பார்கள், அதைக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கலாம். துடுப்பு முழுசாக இருந்தால் அது ஆற்றிலேயே பிறந்தது, விட்டே ஆக வேண்டும், சட்டம். நாங்கள் இங்கே வந்த 2021-இல் கடலிலிருந்து திரும்பிய மீன் அவ்வளவு குறைந்துபோய், டெஷூட்ஸில் ஸ்டீல்ஹெட் பிடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். கடல் சூடானது, அணைகள், ஆறு சூடானது எல்லாம் சேர்ந்து. இப்போதும் போனவில் ஜன்னலில் எண்ணிய கணக்கைப் பார்த்துத்தான் திறக்கலாமா என்று முடிவு செய்கிறார்கள். பாபநாசம் படித்துறையில் பொரி போடுவோம், அந்த மீன் மேல் யாரும் கை வைப்பதில்லை. அங்கே சாமிக்காக. இங்கே அடுத்த வருஷமும் மீன் வர வேண்டும் என்பதற்காக.

செப்டம்பரில் உங்களால் முடியாது என்றால் மே கடைசியில் வாருங்கள், ஜூலைக்கு மட்டும் வேண்டாம். மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் ஸ்டீல்ஹெட் இருக்காது, ட்ரவுட் இருக்கும். அப்போது சால்மன்ஃப்ளை என்கிற பூச்சி எழும்பும். விரல் நீளம், வயிறு ஆரஞ்சு நிறம். மூன்று நான்கு வருஷம் ஆற்றுக் கல்லுக்கடியில் கிடந்துவிட்டு ஒரே நேரத்தில் கரையேறித் தோல் உரித்துப் பறக்கும், முதல் மழைக்கு ஈசல் கிளம்புவது மாதிரி. புல், சட்டை, கழுத்து எல்லாம் ஊரும். காற்றில் தண்ணீரில் விழுவதைத் தின்ன ட்ரவுட் கரையோரப் புல்லுக்கடியிலேயே வந்து நிற்கும். உங்கள் முழங்கால் நனையாமலேயே பிடிக்கலாம். பேரனுக்கு அதுதான் ரொம்பப் பிடித்த மாதம்.

இப்போது ஓடுவது குளிர்காலத்தில் கடலிலிருந்து ஏறி வருகிற இன்னொரு ஸ்டீல்ஹெட் கூட்டம். வீட்டுக்குப் பக்கத்திலேயே சாண்டி என்று ஓர் ஆறு, அதிலிருந்த மார்மட் அணையை 2007-இல் இடித்துவிட்டார்கள். நேற்று போயிருந்தேன். மழை பெய்து ஏறிய தண்ணீர் இறங்கத் தொடங்கி, இளம்பச்சையாகத் தெளியும் அந்த இரண்டு மூன்று நாள்தான் நேரம். தண்ணீர் ஐந்து டிகிரி, விரல் மரத்துப் போனது, ஒன்றும் கிடைக்கவில்லை. உங்களை இந்த மாதங்களில் கூப்பிடவே மாட்டேன்.

வந்தால் ஷெரார்ஸ் அருவிக்குக் கூட்டிப் போகிறேன், மாப்பினுக்குக் கொஞ்சம் கீழே. வார்ம் ஸ்பிரிங்ஸ் பூர்வகுடிகள் பாறைக்கு வெளியே மரப் பரண் கட்டி, நீளக் கம்பு வலையை நுரைக்குள் விட்டு சால்மன் அள்ளுவார்கள். 1855 ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்த உரிமை அது, அதற்கு முன்னும் எத்தனையோ தலைமுறையாக அவர்கள் ஆறு. தள்ளி நின்று பார்ப்போம். நீங்கள் அங்கிருந்து நகர மாட்டீர்கள்.

ஆற்றுக் கல் எண்ணெய் தடவியது மாதிரி வழுக்கும், அதனால் உங்களுக்கு ஊன்றுகோலும் ஆணி வைத்த செருப்பும் வாங்கி வைத்துவிட்டேன், முட்டிக்கு மேல் இறங்க விட மாட்டேன். ஒரு நாள் உரிமம் ஆன்லைனில் எடுத்துவிடலாம். உங்கள் மூங்கில் கம்பை விமானத்தில் ஏற்ற முடியாது, தங்கூசிச் சுருளும் வேண்டாம், இங்கே எல்லாம் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லி இரண்டு கிலோ புளி மட்டும் கொடுத்துவிடுங்கள்.

செப்டம்பர் 20 வாக்கில் டிக்கெட் பார்க்கச் சொல்லித் தம்பிக்கு இன்றே மெசேஜ் போடுகிறேன். தீபாவளியை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். பிசான நெல்லுக்குத் தண்ணீர் ஒழுங்காக விட்டார்களா, பாலத்துக்குக் கீழே அந்தப் பாறை இப்போது வெளியே தெரிகிறதா என்று எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்