ரிசர்வ் பாராசூட்டின் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்: கொங்கு மண்டலக் கல்லூரிச் சாகச மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொறுப்பாசிரியர்களுக்கும், மாணவச் செயலர்களாக இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கமுங்க.

விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கும் ஸ்கைடைவிங் முகாம் நடத்தலாமா என்று நம் பக்கத்துக் கல்லூரிகள் சிலவற்றிலிருந்து அவ்வப்போது என்னிடம் கேட்கிறார்கள். தலைக்கு எவ்வளவு ஆகும், வீடியோ எடுத்துத் தருவார்களா, சான்றிதழ் உண்டா என்பதுதான் எல்லோரும் கேட்பது. முதல் பாராசூட் கைவிட்டால் திறக்க வேண்டிய ரிசர்வ் பாராசூட்டை யார் மடித்தார், எப்போது மடித்தார் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் உடுமலைப் பக்கத்துக்காரன். வேலைக்குப் போன நாட்டில் குதிக்கக் கற்றுக்கொண்டு, பல வருடமாகக் குதித்து வருகிறேன். முகாம் நடத்துவது என் தொழில் இல்லை, உபகரணம் விற்பதும் இல்லை. பிள்ளைகளை அனுப்பாதீர்கள் என்று சொல்லவும் வரவில்லை. ஒழுங்காக நடக்கும் இடத்தில் இது நல்ல விளையாட்டு. ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நடத்துபவரிடமே விட்டுவிடாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

நம் ஊரில் நடந்தவற்றையே எடுத்துக்கொள்வோம். 2012 மார்ச்சில் சேலம் விமான நிலையத்தில் நடந்த பயிற்சியில் பாராசூட் சரியாக விரியாமல் ஓர் இளம்பெண் இறந்துபோனார். 2015 டிசம்பரில் கோவையில் பாராசெயிலிங் போனவர், உடம்போடு கட்டும் பட்டையான ஹார்னஸிலிருந்து கழன்று விழுந்து இறந்தார். 2018 ஜூலையில் நரசீபுரம் பக்கம் ஒரு கல்லூரியில், பேரிடர் ஒத்திகை என்ற பெயரில் மாடியிலிருந்து குதிக்க வைக்கப்பட்ட மாணவி, கீழ்த்தளத்து சன்ஷேடில் அடிபட்டு உயிரிழந்தார். அந்தப் பயிற்சியாளருக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பிறகு சொன்னது. மூன்றும் வேறு வேறு நிகழ்ச்சி, வேறு வேறு காரணம். ஆனால் மூன்றிலும் போனவர்கள், எல்லாம் சரிபார்க்கப்பட்டிருக்கும் என்று நம்பித்தான் போயிருப்பார்கள்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் மாடு பிடிக்கப் போனால், விற்பவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் நம் ஆட்கள் துண்டுக்குள் கை விட்டு விலை பேச மாட்டார்கள். விற்பவரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். பாராசூட் விஷயத்திலும் அப்படிப் பார்க்க ஒன்று உண்டு. அதுதான் ரிசர்வ் சீட்டு, அதாவது ரிசர்வ் பாராசூட்டை மடித்த விவரம் எழுதிய தாள்.

முதுகில் மாட்டும் பையை ரிக் என்போம். அதற்குள் இரண்டு பாராசூட் இருக்கும். மெயினைக் குதிப்பவரோ முகாமில் மடித்துக் கொடுக்கும் ஆளோ ஒவ்வொரு முறையும் மடிக்கலாம். மெயின் கைவிட்டால் திறக்க வேண்டியது ரிசர்வ். அதை ரிக்கர் என்ற உரிமம் பெற்ற ஆள்தான் மடித்து, நூலால் கட்டி, ஈய முத்திரை வைத்து மூடுவார். எந்தத் தேதியில், யார் மடித்தார், என்ன பார்த்தார் என்று ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ரிக்கிலேயே வைத்துவிடுவார். அமெரிக்க விதிப்படி 180 நாளுக்கு ஒருமுறை அதைப் பிரித்துப் பார்த்து மறுபடி மடிக்க வேண்டும். வேறு சில நாடுகளில் ஓராண்டு வரை விடுகிறார்கள். எந்த நாட்டுக் கணக்கைப் பின்பற்றுகிறீர்கள் என்று நடத்துபவரிடம் கேளுங்கள். அப்புறம் சீட்டில் இருக்கும் தேதியையும், சீட்டில் இருக்கும் எண்ணும் ரிக்கின் எண்ணும் ஒன்றுதானா என்பதையும் பாருங்கள். முத்திரை அறுந்திருந்தால் அந்த ரிக்கை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். இதற்கு வானில் பறந்த அனுபவம் எதுவும் தேவையில்லை, படிக்கத் தெரிந்தால் போதும். "அதெல்லாம் ஆபீஸ்ல இருக்குதுங்க, அப்புறம் காட்டறோம்" என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஏ.ஏ.டி. என்ற கருவி. குதித்தவர் மயங்கிவிட்டாலோ, உயரத்தைக் கவனிக்கத் தவறினாலோ, காற்றழுத்தத்தை வைத்து உயரத்தையும் விழும் வேகத்தையும் கணக்கிட்டு, ரிசர்வை மூடி வைத்திருக்கும் வளையத்தைத் தானே வெட்டிவிடும். 1991-ல் ஜெர்மனியிலிருந்து சைப்ரஸ் என்ற கருவி வந்த பிறகு இதனால் பிழைத்தவர்கள் ஏராளம். அனுபவசாலிகளுக்கான சைப்ரஸ் தரையிலிருந்து சுமார் 225 மீட்டரில் வேலை செய்யும். மாணவர்களுக்கான வகை வேறு, அது குறைந்த வேகத்திலேயே வேலை செய்யும். மாணவர் முதுகில் எந்த வகை இருக்கிறது என்று கேளுங்கள். இந்தக் கருவிகளுக்கு ஆயுட்காலம் உண்டு, அது முடிந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

அதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. கருவியை எங்கே ஆன் செய்கிறோமோ அந்த இடத்தைத்தான் அது தரை என்று எடுத்துக்கொள்ளும். கோவை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம், சேலம் விமான நிலையம் சுமார் 300. சேலத்தில் ஆன் செய்துவிட்டுக் காரில் கோவைப் பக்கம் வந்து குதித்தால், 225 மீட்டரில் திறக்க வேண்டியது 125 மீட்டரில்தான் விழித்துக்கொள்ளும். அந்த உயரத்தில் ரிசர்வ் முழுதாக விரிய நேரம் இருக்காது. அதனால் விமானம் ஏறும் இடத்தில்தான் ஆன் செய்ய வேண்டும். முகாமில் அப்படிச் செய்கிறார்களா என்று கண்ணால் பார்க்கலாம்.

ஆட்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டேண்டம் என்றால் பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக் குதிப்பது. அமெரிக்கப் பாராசூட் சங்கமான யு.எஸ்.பி.ஏ. டேண்டம் பயிற்சியாளருக்குக் குறைந்தது 500 குதிப்பும், இந்த விளையாட்டில் 3 வருடமும் கேட்கிறது. அதோடு அவர் பயன்படுத்தும் டேண்டம் ரிக்குக்கான தகுதியும் வேண்டும். உரிமத்தின் நகலை வாங்கி, கொடுத்த சங்கத்துக்கே எழுதிக் கேளுங்கள். 2018-ல் நரசீபுரத்துக் கல்லூரியிலிருந்து பேரிடர் ஆணையத்துக்கு அப்படி ஒரு கடிதம் போயிருந்தால் போதும். மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியைக் காட்டி யாராவது தைரியம் சொன்னால், அது இடத்துக்கும் கூட்டத்துக்கும் கொடுத்த அனுமதி, ரிசர்வைப் பிரித்துப் பார்த்துக் கொடுத்தது இல்லை என்பதை நினைவில் வையுங்கள். பெற்றோரிடம் வாங்கும் ஒப்புதல் கடிதமும் யாரையும் காப்பாற்றாது.

தனியாகக் குதிக்கவிடும் ஸ்டேடிக் லைன் முகாம் என்றால் இன்னும் கறாராக இருங்கள். விமானத்தோடு கட்டிய பட்டையே மெயினை இழுத்துத் திறந்துவிடும், பயமில்லை என்பார்கள். திறந்தது நல்லபடியாகத் திறந்ததா என்று பார்க்க வேண்டியது அந்த மாணவர்தான். மேலே பார்க்க வேண்டும்: இருக்கிறதா, சதுரமாக இருக்கிறதா, இழுத்தால் திரும்புகிறதா? இல்லையென்றால் 2,500 அடி உயரத்துக்குக் கீழே இறங்கும் முன் முடிவெடுத்து, வலது கைப்பிடியை இழுத்து மெயினைக் கழற்றிவிட்டு, இடது கைப்பிடியை இழுத்து ரிசர்வைத் திறக்க வேண்டும். இதை யோசித்துச் செய்ய முடியாது, கை தானாகப் போக வேண்டும். தொங்கும் ஹார்னஸில் மாட்டிவிட்டு, கோளாறான பாராசூட்டின் படத்தைத் திடீரென்று காட்டி, மறுபடி மறுபடி செய்யவைத்தால்தான் அது வரும். தரைப்பயிற்சிக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்கப் போகும். காலையில் பதிவு, மதியத்துக்குள் குதிப்பு என்று நோட்டீஸில் போட்டிருந்தால் அந்த முகாம் வேண்டாம்.

இப்போது நம் மண்ணுக்கும் காற்றுக்கும் வருகிறேன். வெளியூர் ஆட்களுக்குத் தெரியாத சங்கதி இங்கேதான் இருக்கிறது. பல்லடம், தாராபுரம், உடுமலை வட்டாரத்தில் இத்தனை காற்றாலை எதற்கு நிற்கின்றன? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி முதல் புரட்டாசி வரை மேற்கிலிருந்து வரும் காற்றுக்காகத்தான். மாணவர்கள் குதிக்கத் தரைக்காற்று மணிக்கு 22 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது யு.எஸ்.பி.ஏ. வரம்பு. ஆடி மாதத்தில் நம் காட்டில் நின்று பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை. மார்கழி, தை பரவாயில்லை, ஆனால் அப்போது காற்று கிழக்கிலிருந்து கணவாய்க்குள் போகும். 2025 பொங்கலில் பொள்ளாச்சியில் கிளம்பிய பலூன் ஒன்று பாலக்காட்டு மாவட்ட வயலில் போய் இறங்கியது நினைவிருக்கும். மாசி, பங்குனி வெயிலில் உச்சிப்பொழுதுக்குச் செம்மண் காட்டில் சுழல்காற்று கிளம்பும். தரைக்குப் பக்கத்தில் அதில் சிக்கினால் நன்றாக விரிந்த பாராசூட்டும் மடங்கிப் போகும். ஆக, குளிர்காலக் காலை வேளைதான் நமக்குத் தோது. விமானம் தாமதமாகிவிட்டது, அதனால் மதியமும் ஓட்டிவிடலாம் என்பார்கள். விடாதீர்கள்.

இறங்கும் இடம் காலியாக இருந்தால் போதாது, அதைச் சுற்றி இருப்பதும் முக்கியம். மாணவர் காற்றில் நகர்ந்து போய் வெளியே இறங்குவது சாதாரணமாக நடப்பதுதான். வெளிநாட்டுப் பயிற்சியாளருக்கு மின்கம்பி, மரம், தண்ணீர் தெரியும். நம் தோட்டத்துக் கிணறு தெரியாது. சுற்றுச்சுவர் இல்லாமல், நூறடி ஆழத்துக்கு, பாதி புதர் மூடிக் கிடக்கும் கிணறுகள் மேலேயிருந்து பார்த்தால் ஏதோ நிழல் மாதிரிதான் தெரியும். தென்னந்தோப்பு, கிளுவை வேலிக்குள் ஓடும் முள்கம்பி, காட்டுக்குக் குறுக்கே போகும் உயர்மின் கோபுரம், எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஒரு வரைபடம் போடுங்கள். சிவில் துறை மாணவர்கள் ஒரு வார இறுதியில் போட்டுவிடுவார்கள். சர்வே எண் வாரியாகத் தோட்டக்காரர்களைப் போய்ப் பார்த்துப் பேசினால் இன்னும் நல்லது. மூடாத கிணறு எங்கே என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? கூடவே நாய் எங்கே என்பதும் தெரிந்துவிடும்.

வெளிநாட்டில் உரிமம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும் முன்னாள் மாணவர்களுக்கும் இதில் ஒரு வார்த்தை, ஏனென்றால் முகாமுக்கு உதவிக்கு வருகிறவர்கள் அவர்கள்தான். பழைய ரிக் வாங்குவதில் தவறில்லை, புதிது பல லட்சம் ஆகும். ஆனால் பணம் கொடுக்கும் முன் ரிக்கர் பிரித்துப் பார்க்க வேண்டும். பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸ் என்ற நிறுவனத்தின் ரிசர்வ்களில் ஒரு சின்னக் கட்டம் அச்சிட்டிருக்கும். ஒவ்வொரு மடிப்பையும் அதில் குறிப்பார்கள், 40 மடிப்போ 25 பயன்பாடோ ஆகிவிட்டால் நிறுவனத்துக்கே சோதனைக்கு அனுப்ப வேண்டும். மெயினின் கயிறு ஸ்பெக்ட்ரா என்ற இழை என்றால், பாராசூட் மெதுவாக விரியக் கயிறுகளில் சறுக்கி இறங்கும் ஸ்லைடர் என்ற துணி உரசும் சூட்டில் அது சுருங்கும், அதுவும் ஓரக் கயிறுகள் அதிகம் சுருங்கும். துணி புதிதுபோல் பளபளத்தாலும் கயிறு மாற்ற வேண்டியிருக்கலாம். அப்புறம், சின்ன பாராசூட் மீது ஆசைப்படாதீர்கள். 75 கிலோ ஆள் ரிக்கோடு சேர்த்து 88 கிலோ, அதாவது ஏறக்குறைய 194 பவுண்டு வருவார். பாராசூட்டின் பரப்பில் சதுர அடிக்கு ஒரு பவுண்டுக்கு மேல் ஆரம்பத்தில் வேண்டாம் என்பது கணக்கு. அப்படியென்றால் 200 சதுர அடிக்குக் குறையாமல் வாங்குங்கள். நன்றாக விரிந்த சின்ன பாராசூட்டைத் தரைக்குப் பக்கத்தில் திருப்பி இறந்தவர்கள் நிறையப் பேர்.

திருப்பூர் நண்பர் ஒருவர் பாராசூட்டுக்கான நைலான் துணியை நாமே நெய்து, நாமே தைக்க முடியாதா என்று கேட்டார். நெய்யலாம், தைக்கவும் நம்மிடம் கை இருக்கிறது. அளவுக்கு மீறிய எடையும் வேகமும் கொடுத்துத் திரும்பத் திரும்பத் தூக்கிப்போட்டுச் சோதித்துச் சான்று வாங்குவதுதான் பெரிய வேலை. அதைச் செய்ய யாராவது முன்வந்தால் முதல் ஆளாக நான் கைதட்டுவேன். அதுவரை முகாம் ரிக்கில் கிழிசல் இருந்தால் டெய்லரிடம் கொடுத்துத் தைக்க வேண்டாம்.

மாணவிகளுக்கு ஹார்னஸ் அளவு சரியாக இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். பெரிய ஆளுக்கான ஹார்னஸை ஒல்லியான பெண்ணுக்கு மாட்டி, தொடைப் பட்டையை இழுத்துக் கட்டக் கூச்சப்பட்டுத் தளர்வாக விட்டுவிடுவது நடக்கிறது. கட்டிச் சரிபார்க்க ஒரு பெண் பயிற்சியாளரைக் கேட்டு வாங்குங்கள். எடையை யாரும் வாயால் சொல்ல வேண்டாம், தராசில் நிறுத்துங்கள். மேலே போய் மனம் மாறினால் விமானத்திலேயே திரும்பி வரலாம், பணம் போனாலும் பேச்சு வராது என்று முந்தைய நாளே எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். அப்படித் திரும்பியவரைக் கேலி செய்யும் கூட்டத்தை அடுத்த முகாமுக்கு அழைக்காதீர்கள். நான் குதிக்கும் இடங்களில் காற்று பிடிக்கவில்லை என்று விமானத்தோடு இறங்குபவர்களில் மூத்தவர்கள்தான் அதிகம்.

முகாம் பேசி முடிக்கும் முன் எனக்கு எழுதினால், சீட்டுகளையும் வரைபடத்தையும் பார்க்க என் செலவில் வருகிறேன். ரிக்குகளின் பட்டியலையும் ரிசர்வ் சீட்டுகளின் படத்தையும் நடத்துபவரிடம் முதலில் வாங்கி வையுங்கள். முன்பணம் அதற்கு அப்புறம் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன் ஒருவன்