30 அங்குலம் போதும்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஃபெண்டர் கம்பெனியின் ஜஸ்டின் மெல்டால்-ஜான்சன் மஸ்டாங் பேஸ் கிட்டார். வெளிர்நீல உடல், அங்கங்கே பெயிண்ட் தேய்ந்த மாதிரி. "வாங்கலாமாம்மா? ஷார்ட் ஸ்கேல் பேஸ், அதாவது ஸ்ட்ரிங் நீளம் குறைந்த பேஸ், பழகுகிறவர்களுக்குத்தான் என்கிறார்களே" என்று கேட்டிருந்தாய். ஃபோனில் ஆமாம், இல்லை என்று சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை இது. அதனால்தான் கடிதம்.

வாங்கலாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதற்காக வாங்குகிறாய் என்பதில் மட்டும் நீ தெளிவாக இருக்க வேண்டும்.

"பழகுகிறவர்களுக்கு" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1951-இல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் வந்தபோது, நெக்கின் நுனியில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் நட்டிலிருந்து உடலில் தாங்கும் பிரிட்ஜ் வரை ஸ்ட்ரிங் அதிரும் நீளம் 34 அங்குலம். அதுவே வழக்கமாகிவிட்டது. மஸ்டாங் என்ற பெயரை 1964-இல் முதலில் சுமந்தது ஒரு சிறிய கிட்டார். மாணவர்களை மனதில் வைத்து விற்றார்கள். 1966-இல் அதே பெயரில் 30 அங்குல பேஸ் வந்தது. கூடப் பிறந்த கிட்டாருக்கு இருந்த 'மாணவர்களுக்கானது' என்ற பெயர் இதற்கும் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான் கதை. மரமோ மின்சுற்றோ தரம் குறைந்தது என்று யாரும் அளந்து பார்த்துச் சொன்ன பேச்சு இல்லை அது.

பால் மெக்கார்ட்னி கையில் எப்போதும் பார்க்கிறாயே, வயலின் உருவத்தில் ஒரு பேஸ், அந்த ஹாஃப்னரும் ஏறக்குறைய 30 அங்குலம்தான். க்ரீம் குழுவில் ஜாக் புரூஸ் வாசித்த கிப்சன் ஈபி-3 அரை அங்குலம் கூடுதல். டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் டினா வேமவுத் மஸ்டாங்கே வாசித்தார். இவர்களில் யாரும் பழகிக்கொண்டிருந்தவர்கள் இல்லை.

இனி கைக்கு வருவோம். என் கையளவுதான் உனக்கும். மணிக்கட்டு வலிக்கிறது என்று நீ சொன்ன நாளிலிருந்தே எனக்கு இந்த யோசனை உண்டு. நட்டிலிருந்து நான்காவது ஃபிரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வரை 34 அங்குல பேஸில் ஏறக்குறைய 178 மில்லிமீட்டர். 30 அங்குலத்தில் 157. இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் வித்தியாசம். ஆனால் முதல் ஃபிரெட்டில் ஆள்காட்டி விரலை ஊன்றிவிட்டு, சுண்டுவிரலை நான்காவதுக்கு நீட்டும்போது மணிக்கட்டு எவ்வளவு வளைகிறது என்று பார். பெரிய பேஸில் உன் கட்டைவிரல் நெக்கின் பின்னால் தன் இடத்தை விட்டு நகர்ந்துவிடுகிறது, அதைச் சரிக்கட்ட நீ தோளைத் தூக்குகிறாய். நீ அனுப்பும் வீடியோக்களில் எனக்குத் தெரிகிறது. பாட்டு வேகமாகப் போகும்போது இடது தோள் காதுக்குக் கிட்டே வந்துவிடுகிறது.

ஒன்று மட்டும் கேள். சின்ன பேஸ் வந்துவிட்டதே என்று கீழ் ஃபிரெட்டுகளில் ஒரு விரலுக்கு ஒரு ஃபிரெட் என்று விடாப்பிடியாக நீட்டாதே. வில்லால் வாசிக்கும் அந்தப் பெரிய டபுள் பேஸ்காரர்கள் மோதிர விரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து ஒரே விரலாக அழுத்துவார்கள், ஃப்ரான்ட்ஸ் சிமாண்டல் முறை என்பார்கள். முதல் ஐந்து ஃபிரெட்டுக்குள் அப்படி வாசி. அதற்கு மேலே நான்கு விரலையும் தாராளமாகப் பயன்படுத்து.

சத்தம் மாறும். இதை யாராவது மறைத்தால் நம்பாதே. அதே ஸ்ட்ரிங்கை அதே சுருதிக்கு 30 அங்குலத்தில் ஏற்றினால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். நீளத்தின் இருமடிக்கு ஏற்றபடி மாறுகிற கணக்கு அது. அதனால் ஸ்ட்ரிங் விரலுக்கு இளகிக் கொடுக்கும். அழுத்திப் பிடித்தால் சுருதி மேலே போகும், ஓங்கி அடித்தால் ஃபிரெட்டில் மோதி இரையும். இங்கேதான் பலர், தடித்த அடி ஸ்ட்ரிங்கைக் காட்டி, "ஈ ஸ்ட்ரிங் செத்துக் கிடக்கிறது" என்று பேஸைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். உன் வலது கை கொஞ்சம் முரடு. அதை நீ பாதியாகக் குறைக்க வேண்டியிருக்கும். ஆம்பில் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு விரலை மெதுவாகப் போடு. அப்போது கிடைக்கிற அடிநாதம் 34 அங்குலத்தில் எளிதில் வராது. உருண்டையாக, தடிப்பாக, பாட்டுக்காரரின் குரலோடு மோதாமல் அடியில் போய் உட்காரும். உலோகக் கணீர் வேண்டும், கட்டைவிரலால் ஸ்ட்ரிங்கை அடித்து ஸ்லாப் வாசிக்க வேண்டும் என்றால் இது உனக்கான பேஸ் இல்லை. ஆனால் நீ வாசிக்கிற பாட்டுகளை நான் கேட்டவரை உனக்கு அந்தக் கணீர் தேவைப்படவில்லை.

ஸ்ட்ரிங்கை ஒரு படி கனமாகப் போடலாம். எனக்கு மேல்சுற்றுக் கம்பி தட்டையாக இருக்கிற ஃப்ளாட்வவுண்ட்தான் பிடிக்கும், இந்த நீளத்துக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்தும். இன்னொன்றும் கவனி. பழைய மஸ்டாங் பேஸில் ஸ்ட்ரிங் உடலின் பின்பக்கத் துளை வழியாக ஏறி பிரிட்ஜுக்கு வரும். நீ பார்த்ததில் எப்படி என்று திருப்பிப் பார். அப்படித்தான் என்றால் ஷார்ட் ஸ்கேல் என்று அட்டையில் போட்ட எல்லா செட்டும் எட்டாது. பழைய ஸ்ட்ரிங்கின் அடிக் குண்டிலிருந்து நட் வரை அளந்துகொண்டு, அந்த அளவைச் சொல்லி வாங்கு.

அப்புறம் அந்தக் கையெழுத்து விஷயம். "இன்னொருத்தர் பெயர் போட்ட பேஸைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினால் காப்பி அடிக்கிற மாதிரி இருக்காதா" என்று தயங்குகிறாய். மெல்டால்-ஜான்சன் பாடகர் பெக்கோடும் நைன் இன்ச் நெயில்ஸ் குழுவோடும் வாசித்தவர், தயாரிப்பாளரும்கூட. மேடையிலும் ஸ்டூடியோவிலும் தன் மஸ்டாங்கோடு பழகியவர். அப்படிப்பட்டவர் பெயரில் வரும் பேஸில் நீ வாங்குவது அவர் செய்த தேர்வுகளை. ஸ்ட்ரிங் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்புக்கு அனுப்புவது எந்த பிக்கப், எப்படிப்பட்ட நெக் என்று அவர் வாசித்துப் பார்த்து முடிவு செய்தவை. பிக்கப்பை சீமோர் டங்கன் கம்பெனியார் இதற்கென்றே செய்து கொடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து தொடங்குவது நல்ல இடம். அதிலேயே நின்றுவிட வேண்டியதில்லை. ஆக்‌ஷன் உயரத்தை, அதாவது ஃபிரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரத்தை, உன் விரலுக்கு ஏற்ப மாற்று, பிடிக்கவில்லை என்றால் பிக்கப்பையே மாற்று.

ரோலிங் ஸ்டோன்ஸின் பில் வைமனுக்கும் சின்னக் கை. 1961-இல் ஒரு மலிவான பழைய பேஸை வாங்கி, உடலை அறுத்துச் சிறிதாக்கினார். தேய்ந்த ஃபிரெட்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதியவை போடலாம் என்றிருந்தார். ஃபிரெட் இல்லாமல் வந்த சத்தம் பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார். பின்னாளில் அதன் மாதிரியில் அவர் பெயர் தாங்கிய பேஸே விற்பனைக்கு வந்தது. அவர் யாருடைய பேஸையும் பார்த்து அறுக்கவில்லை. கைக்குப் பட்ட சிரமத்தைப் பார்த்து அறுத்தார்.

தேய்ந்த பெயிண்ட் மட்டும் எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. இந்த பேஸ் வரும் ரோட் வோர்ன் வரிசையில் நைட்ரோ லாக்கர் என்ற மெல்லிய பூச்சைப் பூசி, தொழிற்சாலையிலேயே தேய்த்துப் பழசாக்கித் தருகிறார்கள். நெக்கின் பின்பக்கம் அப்படித் தேய்த்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை, கட்டைவிரல் ஒட்டாமல் வழுக்கிப் போகும், அது வசதி. உடலில் முழங்கை படுகிற இடத்துத் தழும்பு மட்டும் நீ வாசித்து வர வேண்டியது என்று நினைக்கிறேன். ஆனால் பேஸ் உன்னுடையது. அது உன் கண்ணுக்கு அழகாகத் தெரிந்தால் என் பேச்சை விட்டுவிடு.

வாங்கப் போகும்போது ஆம்பில் செருகாமல் முதலில் வாசி. ஒவ்வொரு ஸ்ட்ரிங்கிலும் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கையும், அதே இடத்தில் அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிட்டுப் பார். பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் சாடிலை எட்டிய மட்டும் நகர்த்தியும் ஈ ஸ்ட்ரிங்கில் இரண்டும் சேரவில்லை என்றால், வேறு ஸ்ட்ரிங் போட்டுக் காட்டச் சொல். அதிலும் சேராவிட்டால் அந்த பேஸை விட்டுவிடு, அடுத்ததை எடு. அப்புறம் ஸ்ட்ராப்பை மாட்டி நின்றுகொண்டு, இரண்டு கையையும் விடு. நெக் தரையைப் பார்த்துச் சாய்ந்தால், நாள் முழுக்க உன் இடது கை அதைத் தாங்கிக்கொண்டே இருக்கும், நாம் எதற்காகச் சின்ன பேஸ் தேடினோமோ அதுவே வீணாகிவிடும். அவசரப்படாதே. கடைக்காரர் முகத்தைப் பார்த்து வாசிப்பதை நிறுத்திவிடாதே.

பழைய பெரிய பேஸை விற்றுவிடாதே. ரெக்கார்டிங்கில் இரண்டும் வேண்டியிருக்கும்.

வாங்கிய அன்றே, எந்த எஃபெக்ட்டும் போடாமல், திறந்த ஈ ஸ்ட்ரிங்கையும் அதன் ஐந்தாவது ஃபிரெட்டையும் மாறி மாறி வாசித்துப் பதிவு செய்து அனுப்பு. கேட்டுவிட்டு எந்தக் கனத்தில் ஸ்ட்ரிங் போடலாம் என்று சொல்கிறேன். மணிக்கட்டு இப்போது எப்படி இருக்கிறது என்றும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
அம்மா